இருபத்தேழுக்கு யார் பதில் சொன்னது?

இது நடந்தது. நடந்த இடம் தாராவியில் உள்ள ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். தேதி 2023 டிசம்பர் 22, வெள்ளிக்கிழமை. நேரம் சாயங்காலம் 5.52 முதல் 6.47 வரை. அது எப்படி நிமிஷக் கணக்கில் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். வகுப்பில் கரும்பலகைக்கு மேலே ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறது. பயந்துபோனவளுக்குப் பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது?

நான் பேய், ஜின் என்றதும் நடுங்குகிற ஆள் இல்லை. ஏழாம் வகுப்புக்கு அறிவியலும் பூகோளமும் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால், "ஹோம்வொர்க் நோட்டை எடு முதல்ல" என்று வாயை அடைக்கிறவள் நான்தான். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை. குறைத்துவிடலாமா என்று மட்டும் பலமுறை யோசித்தேன். ஏனென்றால் இதில் என் தப்பு இருக்கிறது.

என் பெயர் பரீஹா. வாப்பா உதுமான் தாராவியில் தோல் பர்ஸ் தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். நான் படித்த அதே பள்ளிக்கூடத்தில், நான் உட்கார்ந்த அதே இரண்டாம் மாடி வகுப்பறையில், அந்த வருஷம் ஜூன் மாதம் டீச்சராகச் சேர்ந்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தினம் இரண்டு தடவை ஹாஜ்ரி, அதாவது வருகைப் பதிவு. மதியம் வந்ததும் ஒன்று, சாயங்காலம் போகும்போது ஒன்று. கடைசி ஹாஜ்ரி முடிந்து, பதிவேடு கீழே ஆபீசுக்கு வந்த பிறகுதான் வாட்ச்மேன் கட்டடத்தைப் பூட்டுவார். பிள்ளைகள் எல்லோரும் இறங்கிவிட்டார்களா என்று பார்க்கத்தான் அது. பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நம்பர்தான். நம்பரைச் சொன்னால், "உள்ளேன் டீச்சர்" என்று பதில் வரும். ஒரு டிக் அடிக்க வேண்டும். மூன்று நிமிஷ வேலை.

ஏழாம் வகுப்பில் இருபத்தேழு என்ற நம்பரை யாருக்கும் கொடுப்பதில்லை. இருபத்தாறுக்கு அடுத்து இருபத்தெட்டு. பதினைந்து வருஷமாக அப்படித்தான். நான் இருபத்தாறு சொல்லி முடித்ததும் வகுப்பே ஒரு நொடி அமைதியாகும். பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது. பழகிவிட்டது.

எனக்குக் காரணம் தெரியும். இருபத்தேழு என் சிநேகிதி முத்துமாரி.

2008-ல் நாங்கள் ஏழாம் வகுப்பு. மூன்றாவது வரிசை, ஜன்னலோர பெஞ்ச். அவளுக்கு இழுப்பு உண்டு. எப்போதும் மூக்கடைத்த குரலில்தான் பேசுவாள். அக்டோபர் 17, அதுவும் வெள்ளிக்கிழமை. பூகோள பாடம் முடிந்ததும் எங்கள் வகுப்பாசிரியர் அனந்தகிருஷ்ணன் சார் சொன்னார்:

"முத்துமாரி, இந்த மேப்பை மேல வச்சுட்டு வந்துடும்மா."

மேல் என்றால் மூன்றாம் மாடி. எங்கள் வகுப்புக்கு நேர் மேலே மேப் ரூம். அவள் மேப்பையும் தன் பையையும் எடுத்துக்கொண்டு என் காதில் சொன்னாள்.

"ஏட்டி, மேல ஜன்னல்கிட்ட நின்னு கொஞ்சம் மூச்சு விட்டுட்டு வாரேன். நம்பரக் கூப்பிட்டா எனக்கும் சேத்து சொல்லிரு."

சார் ஹாஜ்ரி எடுக்கும்போது தலையை நிமிர்த்தவே மாட்டார். இருபத்தேழு என்றார். நான் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, அவள் குரலிலேயே, "உள்ளேன் சார்" என்றேன். பக்கத்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்கு ஒரே பெருமை.

அவள் இறங்கி வரவில்லை. பையோடு போனவள் நேரே வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். தீபாவளி நேரம். அவள் அம்மா கோமதியம்மாள் முறுக்குச் சுட்டு விற்கிறவர். கூடமாட வேலைக்கு ஆள் வேண்டும்.

அன்று ராத்திரி கோமதி அத்தை எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். "எம் பிள்ள ஸ்கூல்ல இருந்தாளா?"

உண்மையைச் சொன்னால் வாப்பா பெல்ட்டை எடுப்பார். சார் பிரம்பை எடுப்பார். "இருந்தா அத்தே, கடைசி வரைக்கும் இருந்தா" என்றேன்.

போலீஸ் பதிவேட்டைப் பார்த்தது. டிக் இருந்தது. அப்படியானால் பிள்ளை வெளியேதான் போயிருக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். தாணே, கல்யாண் பிளாட்பாரங்களில் தேடினார்கள். விக்ரோலியில் சொந்தக்காரர் வீட்டில் தேடினார்கள். பள்ளிக்கூடத்தை மட்டும் யாரும் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எனக்கு ஒரு சந்தேகம் வந்தது... மேப் ரூம். எழுந்து சொல்லியிருக்கலாம். போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மதியம் மேப் ரூமைத் திறந்தார்கள். அவள் உயிரோடு இல்லை.

வாட்ச்மேன் அய்யாத்துரை ஐந்தரை மணிக்கே மூன்றாம் மாடியைப் பூட்டிவிடுவது வழக்கம். அதைச் சொன்னால் வேலை போகும். ஆறேகாலுக்குப் பூட்டினேன் என்றார். பதிவேடும் அவர் சொன்னதற்கு ஒத்துப்போனது. ஹாஜ்ரி சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் திரும்ப மேலே ஏறியிருக்கிறாள், பிள்ளையின் தப்புதான் என்று கேஸை மூடிவிட்டார்கள். பக்கத்துப் பட்டறைகளில் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். மேலேயிருந்து கத்தினால் கேட்காது.

நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பதினைந்து வருஷமாக.

டீச்சருக்குப் படித்ததே அதனால்தான். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தால் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்துத்தான் டிக் அடிப்பேன் என்று சபதம். ஜூன் மாதம் அப்படித்தான் செய்தேன். ஜூலையிலும் செய்தேன். அப்புறம் நோட்டுத் திருத்தம், மதிய உணவுக் கணக்கு, ஆன்லைன் ஃபார்ம், மீட்டிங்... பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சார் ஏன் தலை நிமிர்த்துவதில்லை என்று புரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த ஆறே மாதத்தில் புரிந்துவிட்டது. டிசம்பரில் நானும் நிமிர்த்தவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருந்தேன். மேப்பை நான்தான் கொண்டுபோய் வைப்பேன். பிள்ளைகளை மூன்றாம் மாடிக்கு அனுப்பவே மாட்டேன்.

அந்த டிசம்பர் 22, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள். ரிசல்ட் ஷீட் அன்றே கொடுக்க வேண்டும். 5.20-க்குப் பாடம் முடிந்தது. முன் பெஞ்சில் அஸ்ரின் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொன்றாம் நம்பர். ஷீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்.

"அஸ்ரின், இந்த மேப்பை மேல வச்சிட்டு வந்துடும்மா."

சொன்னது எனக்கே உறைக்கவில்லை.

5.52. கடைசி ஹாஜ்ரி. இடது கையில் ரிசல்ட் ஷீட், வலது கையில் பேனா. இருபத்தாறு... இருபத்தெட்டு... முப்பது... முப்பத்தொன்று.

"உள்ளேன் டீச்சர்."

டிக் அடித்தேன். குரல் கொஞ்சம் மூக்கடைத்திருந்தது. டிசம்பர் மாதம், ஜலதோஷம் என்று நினைத்தேன். நிமிரவில்லை.

6.05. மணி அடித்தது. பிள்ளைகள் ஓடினார்கள். நான் தனியாக உட்கார்ந்து கூட்டல் போட்டேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

6.16. கீழேயிருந்து வாட்ச்மேன் இசக்கிப்பாண்டி கத்தினார்.

"டீச்சர், எல்லாரும் எறங்கியாச்சா? பூட்டிரட்டா?"

"இறங்கிட்டாங்க அண்ணே. இன்னும் அஞ்சு நிமிஷம். நானும் வந்துடறேன்."

பேனாவை மூடினேன். அப்போதுதான் பார்த்தேன். முன் பெஞ்சுக்குக் கீழே ஒரு பை. மேலே ஊதா நிறத் தண்ணீர் பாட்டில்.

அஸ்ரினுடைய பை.

மறந்துவிட்டுப் போயிருப்பாள். டிக் இருக்கிறதே. பதிவேட்டைப் பார்த்தேன். முப்பத்தொன்று. என் பேனா, என் டிக்.

6.19.

"உள்ளேன் டீச்சர்."

திரும்பினேன். வகுப்பு காலி.

"யாரு?"

பட்டறை மெஷின் சத்தம் மட்டும். டக்... டக்... டக்...

பசங்க எவனாவது ஒளிந்துகொண்டு விளையாடுகிறான் என்று நினைத்தேன். ஒவ்வொரு பெஞ்சுக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். யாருமில்லை. மூன்றாவது வரிசை ஜன்னலோர பெஞ்சில் கை வைத்தேன். மற்ற பெஞ்செல்லாம் ஜில்லென்று இருந்தன. அது மட்டும் சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

என் பெஞ்ச்.

நாற்காலிக்கு ஓடி வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கூப்பிட்டேன்.

"இருபத்தாறு."

அமைதி.

"இருபத்தெட்டு."

அமைதி.

ஆறு மாதமாக நான் சொல்லாத நம்பர். பதினைந்து வருஷமாக அந்த அறையில் யாரும் சொல்லாத நம்பர்.

"இருபத்... தேழு."

"உள்ளேன் டீச்சர்."

மூன்றாவது வரிசையிலிருந்து.

நான் எதிரே பார்த்துக்கொண்டிருந்தேன். பெஞ்ச் காலி.

6.24.

முத்துமாரி என்று கூப்பிட வாயெடுத்தேன். முடியவில்லை. ஏனென்றால் அது முத்துமாரியின் குரல் இல்லை.

அவள் குரல் எனக்குத் தெரியாதா? அவளுக்குப் பேசும்போது மூச்சு இழுக்கும். இதில் இழுப்பே இல்லை. மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல்.

அது என் குரல்.

பன்னிரண்டு வயது... என் குரல்.

6.26. ஓடிவிடலாம் என்று எழுந்தேன். கண் பதிவேட்டில் விழுந்தது. அஸ்ரினின் டிக்.

கேட்காமல் போக முடியவில்லை.

"முப்பத்தொன்று..."

"உள்ளேன் டீச்சர்."

அதே பெஞ்ச். அதே குரல். அதே பொய்.

அஸ்ரின் சொல்லவில்லை. 5.52-க்கும் அஸ்ரின் சொல்லவில்லை.

அப்படியானால் அஸ்ரின்...

மேப்.

நான்தான் அனுப்பினேன்.

வெளியே ஓடினேன். மாடிப்படி. கீழே கேட் விளக்கு தெரிந்தது. மேலே இருட்டு. ஒரு நொடி நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், என் கால் கீழ்ப்படியில்தான் முதலில் இறங்கியது.

பின்னால் வகுப்பறையில்...

"உள்ளேன் டீச்சர்."

சிரிப்பு.

மேலே ஏறினேன்.

மேப் ரூம். வெளியே பூட்டு. கதவில் காது வைத்தேன்.

"அஸ்ரின்!"

ஒன்றுமில்லை.

"அஸ்ரின்!"

மெல்ல ஒரு சத்தம்... நகத்தால் கதவைச் சுரண்டுகிற சத்தம்.

"இசக்கி அண்ணே! சாவி! சாவி!"

அவர் சாவிக்கொத்தைத் தேடி எடுத்து வந்து கதவைத் திறந்தபோது அவர் வாட்சில் மணி 6.47.

அஸ்ரின் கதவுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தாள். உயிரோடு இருந்தாள். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. தூசியில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. அவளை மடியில் போட்டுக்கொண்டு நான் அழுத அழுகையைப் பார்த்து இசக்கிப்பாண்டியே பயந்துபோனார். "மன்னிச்சிருங்க டீச்சர், அஞ்சரைக்கு உள்ள பாக்காமப் பூட்டிட்டேன்" என்றார். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் பத்து நாள் விடுமுறை.

சனிக்கிழமை அஸ்ரின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய தோழி சபுராவும் அங்கே இருந்தாள். என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"டீச்சர், அவ எங்கிட்ட சொல்லிட்டுதான் போனா, லேட்டானா நீ சொல்லிடுன்னு. ஆனா கசம்சே, சத்தியமா நான் சொல்லல டீச்சர். டர் லகா, பயமா இருந்துச்சு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள வேற யாரோ சொல்லிட்டாங்க."

"யாரு?"

"பின்னாடி இருந்து. ஜன்னல் பக்கம். அங்க யாருமே உக்காரல டீச்சர்."

அஸ்ரினுக்குக் குரல் இன்னும் சரியாகவில்லை. கிசுகிசுத்தாள்.

"நானும் சொன்னேன் டீச்சர். நீங்க நம்பர் சொல்றது மேல கேட்டுச்சு. முப்பத்தொன்னுன்னதும் ஜன்னல்கிட்ட நின்னு ஜோரா கத்தினேன். நீங்க ஓடி வருவீங்கன்னு நெனச்சேன். கீழ யாரோ அதே நேரத்துல சொல்லிட்டாங்க. உங்களுக்கு என் சத்தம் கேக்கவே இல்லியா?"

வீட்டுக்கு வந்து ராத்திரி முழுவதும் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை கேட்ட கேள்வி உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. மேலே நின்றால் நம்பர் கேட்கும்... மேலேயிருந்து கத்தவும் முடியும்...

ஞாயிற்றுக்கிழமை, டிசம்பர் 24, காலை 10.40. கோமதி அத்தை வீட்டுக்குப் போனேன். அதே சந்துதான். பதினைந்து வருஷமாக அந்தச் சந்தைச் சுற்றிக்கொண்டுதான் நான் நடக்கிறேன். அத்தைக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. இன்னும் முறுக்குச் சுடுகிறார்.

"வா பிள்ள. டீச்சராயிட்டியாமே. எம் மாரியும் இருந்தா ஒன் வயசுதான்."

உட்கார்ந்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?

"அத்தே... முத்துமாரி அன்னைக்குத் திரும்ப மேல ஏறிப் போகல. அவ தப்பு ஒண்ணுமில்ல. அவ முன்னாடியே மேலதான் மாட்டிக்கிட்டு இருந்தா."

அத்தை மாவு பிசைகிற கையை நிறுத்தவில்லை.

"தெரியும் பிள்ள."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒங்க அனந்தகிருஷ்ணன் சாரு ஒரு நாளு வந்தாரு. ரிட்டேர் ஆன வருசம். செம்பூர்லருந்து பஸ் ஏறி வந்து, நீ உக்காந்திருக்க எடத்துலதான் உக்காந்து அழுதாரு. அன்னைக்கு இருபத்தேழுன்னு கூப்பிடும்போது அவருக்கு ரெண்டு குரல் கேட்டுதாம். ஒண்ணு கிளாசுக்குள்ள. இன்னொண்ணு மேலருந்து, லேசா. கட்டடத்துல எதிரொலிக்குன்னு நெனச்சு டிக் போட்டுட்டாராம். கீழ ஒரு சத்தம் வரலைன்னா மேல யாரு கத்துதான்னு பாத்திருப்பேனேன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. போன வருசம் அவரும் போய்ச் சேந்துட்டாரு."

மேலேயிருந்து அவள் கத்தியிருக்கிறாள். அவள் நம்பருக்கு, அவளே, உண்மையாகப் பதில் சொல்லியிருக்கிறாள். நான் அதன் மேல் என் குரலைப் போட்டு மூடியிருக்கிறேன்.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மேல கத்துனது எம் பிள்ள. அது தெரியும். கீழ சொன்னது யாருன்னுதான் இத்தன வருசமாத் தெரியல. நீ பக்கத்து எடந்தான? ஒனக்குத் தெரியுமா பிள்ள?"

இந்தத் தடவை நான் போர்வையைத் தேடவில்லை.

"நான்தான் அத்தே."

திட்டுவார், அடிப்பார், வெளியே போ என்பார் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன்.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நான்தான்னு ரெண்டு குரல் கேட்டுதே பிள்ள" என்றார். "ஒன்கூட வந்திருக்கது யாரு? ஸ்கூல் உடுப்புல, மூக்கப் பிடிச்சுக்கிட்டு?"

நான் தனியாகத்தான் வந்திருந்தேன்.